கொல்லிமலை போறீங்களா? சூடு பார்த்து ஏறுங்க!

லீவு விட்டாச்சு. நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு பழைய கார், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை. பிளான் சூப்பர்! ஆனா, அடிவாரத்துல காரவள்ளியைத் தாண்டினதும் 70 கொண்டை ஊசி வளைவு காத்திருக்கே... உங்க வண்டி என்ன சொல்லுதுன்னு கேட்கத் தெரியுமா?

'அதான் டாஷ்போர்டுல டெம்பரேச்சர் முள் இருக்கே'ன்னு சொல்றீங்களா? பல கார்கள்ல அந்த முள் சரியான சோம்பேறி பாஸ். சூடு பத்து, பதினஞ்சு டிகிரி ஏறி இறங்கினாலும் நடுவுலயே நிக்கிற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க. சில புது கார்கள்ல முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பாதி கதை முடிஞ்சிருக்கும்.

இதுக்கு ஒரு குட்டி வைத்தியம் இருக்கு. 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்கள்ல, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதுல ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினா, கூலன்ட் சூடு எத்தனை டிகிரின்னு செல்போன்லயே தெரியும். 85-லிருந்து 100 வரைக்கும் பொதுவா நார்மல். 105-க்கு அலாரம் வெச்சுக்கோங்க.

மலை மேல இன்னொரு விஷயம். 1,200 மீட்டர் உயரத்துல தண்ணி 96 டிகிரியிலயே கொதிச்சிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறதாலதான் கூலன்ட் 100-ஐத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. அந்த மூடியோட ரப்பர் போயிருந்தா? ஆவிதான்! கிளம்புறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க. சூடா இருக்கும்போது மட்டும் அதைத் திறந்துடாதீங்க. வழியில நம்பர் ஏறுதா? ஏ.சி.யை அணைச்சு, ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வியர்க்கும்தான், ஆனா இன்ஜின் பிழைக்கும்.

அடுத்து டயர். வால்வு மூடிக்குப் பதிலா திருகற சென்சார் கிடைக்குது. காற்றழுத்தம், சூடு ரெண்டையும் காட்டும். காலையில செம்மேட்டுல எழுந்து பார்த்தா நாலு டயர்லயும் ஒண்ணு, ரெண்டு பி.எஸ்.ஐ. குறைஞ்சிருக்கும். பயப்படாதீங்க, அது குளிர். ஒரே ஒரு டயர் மட்டும் குறைஞ்சா அது பஞ்சர்! ஓடிச் சூடான டயர்ல அழுத்தம் ஏறுறதும் சகஜம். காத்தை இறக்கி விட்டுடாதீங்க.

ஆகாய கங்கை அருவியில ஆட்டம் போட்டாச்சு, சோளக்காட்டுல பலாப்பழமும் மிளகும் வாங்கியாச்சு. இப்பதான் நிஜமான பரீட்சை... இறக்கம்! இன்ஜின் ஜில்லுனு இருக்கும், வேகிறது பிரேக். அழுத்திக்கிட்டே இறங்கினா, பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிடும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியைத் தாங்கும். ஈரம் உறிஞ்சின பழைய ஆயில் 140-லயே கொதிக்கலாம். வித்தியாசத்தைப் பார்த்தீங்களா?

டயர் சென்சார் பிரேக்கை நேரா அளக்காது. ஆனா துப்பு கொடுக்கும். முன் சக்கரம் ரெண்டும் பின்னதைவிடச் சூடா இருக்கறது இயல்பு. இடது 45, வலது 65-னு காட்டினா, ஒரு பிரேக் பிடிச்சபடியே இருக்கலாம். வளைவு இல்லாத, அகலமான இடமா பார்த்து ஓரங்கட்டி ஆற விடுங்க.

கடைசியா ஒண்ணு... ஓட்டுறவர் ஸ்கிரீனைப் பார்க்கவே கூடாது! பக்கத்து சீட் நண்பருக்கு 'மீட்டர் மாஸ்டர்' பட்டம் கொடுங்க. நம்பரை அவர் வாசிக்கட்டும். நீங்க செகண்ட் கியர்ல, ஹாரன் அடிச்சு, மெதுவா இறங்குங்க. எத்தனை கேஜ் மாட்டினாலும் உங்க வலது காலுக்கு அது ஈடாகாது!