லாண்ட் மாஸ்டருக்கு ஒரு சைலன்சர்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். யுத்தம், சமாதானம், தேர்தல், வெள்ளம் என்று எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஒரு புகைக்குழாயைப் பற்றி எழுத நேரும் என்று நினைத்ததில்லை. கடந்த புரட்டாதியில் முரசுமோட்டையில் அக்கா வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தபோது அதற்கான காரணம் கிடைத்தது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் முரசுமோட்டை. கால போக உழவு தொடங்கும் வேளையில் அத்தானின் லாண்ட் மாஸ்டரில் சைலன்சர் உக்கி ஓட்டை விழுந்துவிட்டது. லாண்ட் மாஸ்டர் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கருவியின் வர்த்தகப் பெயர். இலங்கையில் அது இரு சக்கர உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சேறு, மணல், காடு என்று பாராமல் ஓடுவதற்கென மேலைநாடுகளில் பருத்த சக்கரங்களுடன் வண்டிகள் விற்கிறார்கள். வன்னியில் அந்த வேலையைச் செய்வது லாண்ட் மாஸ்டர்தான். காலையில் வயல் உழும். பெட்டியைக் கொழுவினால் நெல்மூட்டையும் விறகும் ஏற்றும். அவசரத்துக்கு நோயாளியையும் ஏற்றும்.

சைலன்சர் உக்குவது மழையால் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மழை பாதிக் காரணம். அதற்காகத்தான் நிறுத்தியதும் குழாயின் வாயில் வெற்றுப் பால்மா ரின்னைக் கவிழ்த்து வைக்கிறார்கள். மற்றப் பாதி உள்ளே இருக்கிறது. ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. இயந்திரம் சூடேறுமுன் நிறுத்தி நிறுத்தி ஓடினால், அந்த ஆவி குளிர்ந்து குழாயினுள்ளே தங்கி இரும்பைத் தின்கிறது.

கிளிநொச்சியில் மூன்று வழிகள் இருந்தன. உற்பத்தி நிறுவனத்தின் அசல் சைலன்சர், விலை அதிகம். அதைப்போலச் செய்த மாற்று உருப்படி; விலை பாதிக்கும் குறைவு. மூன்றாவது, கராஜில் ஒரு வெறுங்குழாயை வெல்டிங் செய்து பூட்டிக்கொள்வது. மருமகனுக்கு மூன்றாவதில்தான் மனம்.

“மாமா, உள்ளுக்குத் தடுப்பு இல்லாட்டி புகை லேசாப் போகும். இழுவையும் கூடும்” என்றான்.

வேகமாகச் சுழலும் பந்தய மோட்டார் சைக்கிளில் அதில் ஓரளவு உண்மை உண்டு. மெதுவாகச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரத்தில் வித்தியாசம் கைக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நிமிடத்துக்கு 2200 சுற்று என்றால் அதற்குள் 1100 தடவை வெடிப்பு நிகழ்கிறது. சைலன்சரின் உள்ளறைகளும் துளைத்தகடுகளும் அந்த அழுத்த அலைகளை விரியவிட்டும் ஒன்றோடொன்று மோதவிட்டும் தணிக்கின்றன. தகடு இல்லையென்றால் வெடிப்பு முழுவதும் வெளியே வரும். அத்துடன் கனன்ற கரித்துகளும் வரும். அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்து கிடக்கும் வயலில் ஒரு பொறி போதும்.

இதையெல்லாம் சொல்லியும் அவன் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து பூட்டினான். கைத்தொலைபேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து என்னிடம் தந்துவிட்டு இயந்திரத்தை இயக்கினான். 103 டெசிபல் என்று காட்டியது. கைத்தொலைபேசி துல்லியமான கருவி அன்று. ஆயினும் கணக்குப் பார்க்கலாம். 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 103 இல் ஏழரை நிமிடம்தான். அத்தான் உழுவதோ நாள் முழுவதும்.

இதைச் சொல்வதற்காக நான் திரும்பியபோது, குசினி வாசலில் அக்கா நிற்பதைக் கண்டேன். நிலையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள். கண்கள் எங்களைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தன. மருமகனும் கண்டான். உடனே இயந்திரத்தை நிறுத்தினான்.

அன்றிரவுதான் அத்தான் அதைச் சொன்னார். கிளிநொச்சி 2009 ஜனவரி 2 இல் இராணுவத்தின் வசமானது. இவர்கள் அதற்கு முன்பே லாண்ட் மாஸ்டரில் ஏற்றியதை ஏற்றிக்கொண்டு இதே வீதியால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்திருந்தார்கள். மேலே ‘வண்டு’ என்று சனம் அழைத்த வேவு விமானம் சுற்றும். தூரத்தில் எறிகணை குத்தும் சத்தம் கேட்டால், அது வந்து விழுவதற்குள் சில நொடிகள் கிடைக்கும். அந்த நொடிகளில்தான் பங்கருக்குள் பாயவேண்டும். ஓடும் இயந்திரத்தின் பின்னால் இருப்பவனுக்கு இவை எதுவுமே கேட்காது.

“உடையார்கட்டு தாண்ட சைலன்சர் கழண்டு விழுந்திட்டுது. பூட்ட வழியில்லை. உன்ரை அக்கா இவனை இடுப்பிலை வைச்சுக்கொண்டு இருபது யார் முன்னாலை நடந்தவ. அவ கையைத் தூக்கினா நான் நிப்பாட்டுவன். அண்டைக்கு அவதான் எங்கடை காது” என்றார் அத்தான்.

அப்போது ஒன்றரை வயதாக இருந்த ‘இவன்’ விளக்கைப் பார்த்தபடி இருந்தான். இந்தக் கதையை அவன் அதுவரை கேட்டதில்லை. அந்த லாண்ட் மாஸ்டர் முள்ளிவாய்க்கால் மணலில் கைவிடப்பட்டது. இப்போதிருப்பது மீள்குடியேறிய பின்னர் பழையதாக வாங்கியது.

மறுநாள் மருமகனும் நானும் கிளிநொச்சிக்குப் போனோம். அசலுக்குப் பணம் போதவில்லை. மாற்று உருப்படிகளுள் ஒன்றை அவனே தெரிவு செய்தான். கையில் தூக்கிப் பாரம் பார்த்தான். பாரமானதில் தகடு தடிப்பு. வாய்க்குள் வெளிச்சம் அடித்து உள்ளே துளைத்தகடு இருக்கிறதா என்று பார்த்தான். பழையதன் ஆணித்துளைகளோடு பொருத்திப் பார்த்தான். புகைவாய் ஓட்டுபவரின் முகத்துக்கு வராமல் திரும்பியிருப்பதையும் உறுதிசெய்தான். புதிய கஸ்கட் ஒன்றையும் கேட்டு வாங்கினான். பழைய கஸ்கட்டோடு பூட்டினால் இணைப்பினூடாகவே சத்தமும் புகையும் கசியும்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து உறவினருக்கு உழவு இயந்திரம் வாங்கப் பணம் அனுப்பும் அன்பர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு நல்ல சைலன்சருக்கும் காதடைப்பானுக்கும் சேர்த்து அனுப்புங்கள். சைலன்சர் பூட்டினாலும் அந்த இயந்திரத்தின் அருகே நாள் முழுவதும் நிற்பது காதுக்குக் கேடுதான்.

நான் புறப்பட்ட அன்று விடியற்காலையில் லாண்ட் மாஸ்டர் வயலுக்குப் போயிற்று. அக்கா முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். அது படலையைக் கடந்தபோது அவள் நிமிரவில்லை.