மோட்டார் கொட்டாய் வௌவால்கள்

சோளிங்கர் மலை தெரிகிற தூரத்தில் எங்கள் கழனி. கிணற்று மேட்டில் நைனா காலத்து மோட்டார் கொட்டாய், ஓடு போட்டது. அந்த ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வௌவால் கூட்டம் இருந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுதான். பொழுது சாய்ந்ததும் ஒன்றொன்றாய்ப் பிதுங்கி வெளியே வந்து கழனிப் பக்கம் பறந்துபோகும்.

2020-ல் கொரோனா வந்தபோது வௌவால் என்றாலே ஊரில் பயம். "அந்த சனியனுங்கள மொதல்ல வெரட்டு"ன்னு வீட்டில் ஒரே பிடுங்கல். நானும் யோசிக்கவில்லை. வேப்பந்தழை போட்டுப் புகை மூட்டி, சந்துகளில் கோணிச்சாக்கைத் திணித்து அடைத்துவிட்டேன். கேரளாவில் நிபா என்று பேசினார்களே, அது பெரிய பழந்தின்னி வௌவாலைப் பற்றியது. என் கொட்டாயில் இருந்தது பூச்சி தின்கிற சின்ன ஜாதி. அப்புறம்தான் இதெல்லாம் தெரிந்தது.

முன்னமே தெரிந்திருக்க வேண்டும். அதன் எச்சத்தை எத்தனை முறை பெருக்கித் தள்ளியிருப்பேன்! அரிசி மணி அளவில் காய்ந்து கிடக்கும். குச்சியால் நசுக்கினால் பொடிப்பொடியாகி மினுமினுக்கும். எல்லாம் பூச்சிகளின் றெக்கையும் ஓடும்.

நெல் போடாதவர்களுக்கு ஒரு விஷயம். குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து இலை நுனியில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் போய்விட்டால் மேலே அடிக்கிற மருந்து சரியாகப் போய்ச் சேராது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும், பூக்கிற சமயத்தில் கதிர் வெளுத்துப் பதராகும். அதனால் பறக்கும்போதே பிடிக்கணும். விவசாய ஆபீசில் விளக்குப்பொறி வைக்கச் சொல்வது அதற்குத்தான். கூலியும் கரண்டும் கேட்காமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் புகை போட்டு விரட்டினேன்.

அடுத்த நவரையில் வெண்கதிர் அதிகம். ரெண்டு தடவை மருந்து அடித்தேன். வௌவால் போனதால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், பக்கத்துக் கழனியிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுக் கழிமுக நெல் வயல்களில் வௌவாலுக்கென்றே மரப்பெட்டி அடித்து வைத்தார்கள், தண்டுதுளைப்பான் குறைந்தது. அமெரிக்காவில் 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் செத்த பகுதிகளில் விவசாயிகள் அடித்த பூச்சிமருந்து சுமார் 31 சதவீதம் கூடியதாக 2024-ல் சயன்ஸ் இதழில் ஆய்வு வந்தது.

போன மாசம் ஏணி போட்டு ஏறிச் சாக்கையெல்லாம் பிடுங்கினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரி, "திரும்பி வருமா?" என்றாள். ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி, மிஞ்சிப்போனால் ரெண்டு. வந்தாலும் பழையபடி பெருக வருஷக்கணக்கில் ஆகும்.

நேற்று கொட்டாய்த் தரையில் நாலைந்து எச்சம் கிடந்தது. பல்லியுடையதாக இருந்தால் நுனியில் வெள்ளை இருக்கும். இதில் இல்லை.