காற்றுக்கு எதிரே மூன்று கிலோமீற்றர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் ஓ/எல் பரீட்சையை மறுபடி எழுதப் போகிற பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள். உண்மையில் இது அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

செய்தி சின்னது. தள்ளாடிப் பக்கமிருந்து மன்னார் டவுன் வரை, கடலுக்கு நடுவால் போகும் நம்முடைய பாலத்து றோட்டை, ஓகஸ்ட் மாதக் காற்றில், ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் சைக்கிளில் கடந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

“இதுக்கெல்லாம் ஒரு போஸ்டா சேர்?” என்று கேட்பீர்கள். அந்த றோட்டு அதற்கு முன் மூன்று தடவை என்னைச் சைக்கிளிலிருந்து இறக்கி நடக்க வைத்திருக்கிறது. அதனால்தான் போஸ்ட்.

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த றோட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வாசிக்கிற நம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற வழி மொத்தமே சுமார் 3 கிலோமீற்றர். பழைய பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது. இப்போதிருக்கும் பாலமும் அகலமான றோட்டும் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டன. இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு மரம் கிடையாது, ஒரு மதில் கிடையாது. காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை, நம்முடைய உடம்பைத் தவிர.

நம்முடைய காற்றைப் பற்றி நமக்குத் தெரியும். மார்கழி, தையில் வாடை. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை சோளகமும் கச்சானும். தீவின் தெற்குக் கரையில் வரிசையாகச் சுற்றும் 30 காற்றாலைகளைப் பாருங்கள். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, ஏறத்தாழ 100 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கட்டியது. காற்றாலைகளின் நன்மை தீமை வேறு பேச்சு. அத்தனை பெரிய இறக்கைகளைச் சுற்ற வைக்கிற காற்று ஒரு வாத்தியாரையும் அவருடைய பழைய லுமாலா சைக்கிளையும் என்ன செய்யும் என்பதுதான் இங்கே கேள்வி.

சைக்கிள் ஆசை எனக்கு வயது போய் வந்ததல்ல. என் வாப்பா இதே வழியால் சைக்கிள் உழக்கிப் பெருநிலத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். கரியரில் சோற்றுப் பொதி, ஹேண்டிலில் ஒரு துணிப்பை. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது எனக்கு எட்டு வயது. நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் போனோம். சைக்கிள் வாசலில் சாய்த்தபடி நின்றுவிட்டது. புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் வாப்பா வீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் பேசுவார். “பாலத்துக் காத்துல நான் ஒரு நாளும் இறங்கி நடந்ததில்ல” என்பார். திரும்பி வந்து பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் திரும்பி வந்தேன். மடுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிற ஆள். போன வருடம் கிளினிக்கில் சீனி கூடிப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். “நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓடுங்க” என்றார் டொக்டர். வாப்பாவின் பேச்சு மனதில் இருந்ததால் சைக்கிளைத் தெரிவு செய்தேன். சனிக்கிழமைகளில் டவுனிலிருந்து தள்ளாடி வரை போய்த் திரும்புவது என்று கணக்கு.

மாசி, பங்குனியில் ஒரு சிக்கலும் இல்லை. நானும் வாப்பாவின் மகன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன். வைகாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை, திரும்பி வரும்போது பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிவிட்டேன். திரும்பி வரும் திசை வடமேற்கு. காற்று இடது பக்கம் முன்னாலிருந்து சாய்வாக அறைகிறது. உழக்கினால் சைக்கிள் முன்னால் போவதை விட வலது பக்கம் போகத்தான் பார்க்கிறது. இரண்டாம் தடவை ஒரு பஸ் பக்கத்தால் கடந்தது. அது மறைக்கிற நேரம் காற்று நின்றுவிடும். பஸ் போன மறுகணம் மொத்தமாக வந்து விழும். அங்கேயும் கால் ஊன்றினேன். மூன்றாம் தடவை பாலத்தையும் தாண்டி வந்து, டவுன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மூச்சு முட்டி நின்றேன். கிட்டப் போய்த் தோற்றதுதான் கூட வலித்தது. ஓட்டோவில் போன நம் மாணவன் ஒருவன் நிறுத்தி, “சேர், சைக்கிளைப் பின்னால போடுவமா?” என்று கேட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அன்று அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

அந்தக் கிழமை வகுப்பில் பருவக்காற்றுப் பாடம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதையாக இருக்கட்டும் என்று, பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். தொண்டைமானாற்று நவரத்தினசாமி, 1954 மார்ச். வங்காளத்து மிஹிர் சென், 1966 ஏப்ரல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடம். தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன், 2019 மார்ச், பத்தரை மணி நேரம். தெலங்கானாவின் சியாமளா கோலி, 2021 மார்ச். நம் விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர, 2021 ஏப்ரல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பவும் வர 28 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

எழுதி முடித்துத் திரும்ப, பின்வாங்கில் இருக்கும் ஒருவன் கேட்டான்: “சேர், ஏன் எல்லாரும் மார்ச், ஏப்ரல்ல மட்டும் நீந்தினவங்க?”

பாடத்துக்கு அதை விட நல்ல கேள்வி வராது. வாடை ஓய்ந்து சோளகம் பிறக்கும் வரை உள்ள இடைவெளி அது. பாடப்புத்தகம் அதை முதலாம் இடைப்பருவக்காற்றுக் காலம் என்று சொல்லும். நம் கரையில் கடல் ஆறிக் கிடக்கிற நாட்கள். உலகத்தரமான நீச்சல்காரரும் கடலோடு பலப்பரீட்சை வைப்பதில்லை. கடல் கதவைத் திறக்கிற மாதத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். அதற்காக அது இலேசான வேலை ஆகிவிடாது. 30 கிலோமீற்றர் நீந்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பலம் தண்ணீரில் முன்னேறப் போக வேண்டும், காற்றோடு மல்லுக்கட்டப் போகக்கூடாது.

மிஹிர் சென்னைப் பற்றி இன்னொன்றும் சொன்னேன். பாக்கு நீரிணைக்கு முன் அவர் ஆங்கிலக் கால்வாயில் இறங்கியவர். பல முறை முயன்று, முடியாமல் ஏறி, கடைசியில் 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். ஏறி வந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கால்வாயின் குளிரும் நீரோட்டமும் அவருக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். கரையில் நின்று பார்த்தவனுக்கு அது கிடைக்காது.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் பங்குனி வரும் வரை காத்திருக்க முடியாது. சீனி காத்திருக்காது. ஆனால் பருவத்துக்குள்ளேயும் ஒரு நேரம் இருக்குமே? மீன் பெட்டி கட்டிக்கொண்டு தினமும் அந்தப் பாலத்தால் போகும் ஒரு வயதான நானாவிடம் கேட்டேன். என்னை விட இருபது வயது மூத்தவர். அவர் இறங்கி நடந்து நான் பார்த்ததில்லை.

“காத்தோட சண்டைக்குப் போகாதீங்க சேர்” என்றார். “அதுக்கு வேற வேலை இல்ல. உங்களுக்கு வேலை இருக்குது.”

பிறகு விளக்கினார். சுபஹ் தொழுதவுடன் புறப்படு, வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வேகம் தேடாதே, நடக்கிறவனை விடக் கொஞ்சம் கூடப் போனால் போதும். பஸ் வரும் சத்தம் கேட்டால் முன்கூட்டியே உடம்பைக் குனித்துக்கொள். டவுனைப் பார்க்காதே, முன் சில்லைப் பார். இவ்வளவுதான். ஒன்றும் புதிதல்ல. ஆனால் மூன்று இடத்தில் நான் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததால், ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்துக்கு என்று விளங்கியது. வைகாசிக்கு முன் இதையே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஓகஸ்ட் 13. மடுத் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கிறது. தள்ளாடியிலிருந்து திரும்பும்போது எதிரே கூட்டம் கூட்டமாக மடுவுக்கு நடந்து போகிறவர்கள். தலையில் துவாய், கையில் தண்ணீர்ப் போத்தல், தோளில் தூங்கும் பிள்ளைகள். அதில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவரும் குடும்பத்தோடு வந்தார். நான் குனிந்து, ஆமை மாதிரி ஊர்ந்து வருவதைக் கண்டுவிட்டு, “சேர், நிப்பாட்டாதீங்க, வணக்கம் வேண்டாம், போங்க!” என்று கத்தினார். அவருடைய பிள்ளைகளும் கத்தினார்கள். யாரென்றே தெரியாத ஆட்களும் கை தட்டினார்கள். பாலம் தாண்டியது. மூன்றாம் தடவை நின்ற இடம் தாண்டியது. முன் சில்லையே பார்த்துக்கொண்டு வந்ததில் டவுன் வந்ததே பிந்தித்தான் தெரிந்தது.

இறங்கியதும் வாப்பாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, கணிதம் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. “மூண்டாம் தரமும் போய் இருக்க வெட்கமா இருக்கு சேர்” என்று சொல்லி வீட்டோடு நின்றுவிட்டாள். நான் கணித வாத்தியார் அல்ல. ஆனாலும் அவளையும் தாயாரையும் கூப்பிட்டு, கணித டீச்சரோடு உட்கார்ந்து, அவள் வீட்டில் செய்து பார்த்த கடந்தகால வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தோம். அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. முதலாம் வினாத்தாளில் 25 சின்னக் கேள்விகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் தெரியாத ஒரு கேள்வியைக் கண்டால் அங்கேயே நின்று மல்லுக்கட்டுகிறாள். அரை மணி போய்விடும். பின்னால் இருக்கும் இலகுவான பகுதிக்கு நேரம் மிஞ்சாது. இரண்டாம் வினாத்தாளிலும் கேத்திரகணிதத்தில் தொடங்கி அங்கேயே மூச்சு முட்டுகிறது.

எந்த இடத்தில் கால் ஊன்றுகிறாள் என்று இப்போது தெரியும். டீச்சர் அவளுக்கு ஒழுங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். தெரிந்ததை முதலில், மணிக்கூட்டைப் பார்த்து. தடக்கினால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்கு. சனிக்கிழமை வகுப்புக்கு வரத் தொடங்கியிருக்கிறாள். முடிவு என்னவென்று பரீட்சைதான் சொல்ல வேண்டும். இன்ஷா அல்லாஹ்.

ஒன்றை மறைக்கக்கூடாது. எல்லாக் கடலும் எல்லாருக்கும் வழி விடுவதில்லை. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்திய மனிதர். அவரே 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் உயிர் விட்டார். ஆகவே “விடாமுயற்சி இருந்தால் எல்லாம் முடியும்” என்று மேடையில் பேசுகிற மாதிரி நான் பேசவில்லை. கடலில் நிலைமை மாறினால் ஏறத்தான் வேண்டும். ஆனால் பரீட்சை கடல் அல்ல. அது யாரையும் மூழ்கடிக்காது. திரும்பவும் இருக்கலாம். அங்கே நம்மை மூழ்கடிப்பது வெட்கம் மட்டும்தான்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மறுபடி எழுதுகிற பிள்ளையிடம் “இந்த முறையாவது பாஸ் பண்ணு” என்று சொல்லாதீர்கள். “போன முறை எந்தக் கேள்வியில் நின்றாய்?” என்று கேளுங்கள். அந்தப் பதில் பிள்ளையிடம் இருக்கிறது. இரண்டு தடவை இருந்து எழுதிய பிள்ளைக்கு மட்டுமே அந்தப் பதில் இருக்கும்.

சனிக்கிழமை வகுப்பு காலை எட்டு மணிக்கு. காசு இல்லை. பழைய வினாத்தாள்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், திருத்தியது, திருத்தாதது எல்லாம். எந்த ஊர்ப் பிள்ளையும் வரலாம்.