ராத்திரியில் ஏன் வருகிறார்கள்?

எங்கள் ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஓடிய கேள்வி: "ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு வந்து விரலில் குத்தி இரத்தம் கேட்கிறார்களாம். உண்மையா, கள்ளரா? அரசாங்க ஆட்கள் என்றால் பகலில் வர மாட்டார்களா?" வெள்ளவத்தையில் இருக்கும் சாச்சியும் கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவரும் இதையேதான் கேட்டார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இது யானைக்கால் நோய்க்கான இரத்தப் பரிசோதனை. அந்தப் புழுவின் பெயர் வுச்செரேரியா. பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்: ஒட்டோ வூகெரர். ஜேர்மன் தகப்பனுக்கு 1820இல் போர்த்துக்கலில் பிறந்தவர். ஜேர்மனியின் டூபிங்கனில் மருத்துவம் படித்துவிட்டு பிரேசிலின் பஹியாவுக்குப் போய், அங்கேயே வைத்தியராக வாழ்ந்தவர்.

பில்ஹார்ஸ் என்ற இன்னொரு ஜேர்மன் வைத்தியர் 1851இல் கெய்ரோவில் ஒரு புழுவைக் கண்டுபிடித்திருந்தார். சிறுநீரில் இரத்தம் போக வைக்கும் புழு அது. அதன் முட்டை பிரேசில் நோயாளிகளிடமும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார் வூகெரர். கிடைக்கவில்லை. ஆனால் 1866இல், பால் போன்ற சிறுநீர் போன ஒரு பெண்ணின் மாதிரியில், நூல் மாதிரி நெளியும் மிகச் சிறிய புழுக்களைக் கண்டார். தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. கண்டதைக் கண்டபடியே 1868இல் எழுதி வெளியிட்டார். அவை எங்கிருந்து வருகின்றன, எப்படிப் பரவுகின்றன என்பது தெரிய வருமுன்பே, 1873இல் காலமாகிவிட்டார்.

மிச்சத்தை மற்றவர்கள் தேடினார்கள். 1872இல் கல்கத்தாவில் லூயிஸ் அதே குஞ்சுப் புழுக்களை மனித இரத்தத்தில் கண்டார். 1876இல் அவுஸ்திரேலியாவில் பன்குரொஃப்ட் வளர்ந்த புழுவைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் நகரில் மான்சன், தன் தோட்டக்காரரின் இரத்தத்தைக் குடித்த நுளம்புக்குள் அந்தக் குஞ்சுகள் வளர்வதைப் பார்த்தார். எங்கள் கேள்விக்கான விடையையும் அவரே கண்டுபிடித்தார்: குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் ஒதுங்கி நிற்கும், இரவில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்துக்கு வரும். அவற்றைக் காவும் கியூலெக்ஸ் நுளம்பு கடிக்கும் நேரமும் இரவுதான். பகலில் குத்திப் பார்த்தால், புழு உள்ளவருக்கும் "இல்லை" என்றே முடிவு வரலாம். அதனால்தான் அந்த ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு எங்கள் மாடிப்படி ஏறுகிறார்கள்.

"அந்த நோய் ஒழிந்துவிட்டதே" என்பார்கள். இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் வருடந்தோறும் எல்லோருக்கும் குளிசை கொடுத்தார்கள். 2016இல், இது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. பெருமைப்பட வேண்டிய விசயம். ஆனால் அதன் அர்த்தம் ஒரு புழுகூட மிச்சமில்லை என்பதல்ல. இதன் இன்னொரு வகையான புரூகியா 1960களின் கடைசியில் நாட்டில் காணாமல் போனது. ஏறத்தாழ நாற்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி தலைகாட்டியது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். சாரத்தை எப்போதும் நிலத்தில் படுமளவு தாழ்த்தியே உடுப்பார். கலியாண வீடுகளுக்கு வரமாட்டார். மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம், "பரம்பரை நோய்" என்று சொல்லித் திரும்பிப் போனது. அது பரம்பரையும் இல்லை, பாவமும் இல்லை. நுளம்பு கொண்டுவந்த புழு. கால் வீங்கி இறுகிய பிறகு குளிசையால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் வீங்குவதற்குப் பல வருடம் முன்பே, எந்த நோவும் தெரியாத காலத்தில், ஒரு துளி இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது குளிசையே போதும். அந்தத் துளியை இரவில்தான் எடுக்க முடியும்.

ஆகவே உறவுகளே, வருகிறவர்களிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சந்தேகமிருந்தால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். சரியென்றால் விரலை நீட்டுங்கள். வீட்டில் வேலைக்கு நிற்பவரையும், வாடகை அறையில் இருக்கும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். டெங்கு நுளம்புக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். இதற்கோ அடைத்த கானும் மூடாத மலக்குழியும் போதும். அடுக்குமாடிக் குழுக்களில் இருப்பவர்கள், இந்த மாதக் கூட்டத்தில் கான் விசயத்தையும் ஒருமுறை எடுங்கள். வேறு கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்த வரை பதில் தருகிறேன்.