யாரைப் போல யார்?

 

இந்தக் கோடை விடுமுறையில் என் பேத்தி எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஜப்பானிய அனிமே தொடர்களில் வரும் ஒருவரின் பெயரை அவள் சொல்வாள். அவரைப் போலவே இருக்கும் இன்னொருவரை வேறு தொடரிலிருந்து நான் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் அவளோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் பத்திருபது பெயர்கள் பழகிவிட்டன.

முதல் நாள் 'டிராகன் பால்' கோகு என்றாள். நான் 'ஒன் பீஸ்' லூஃபி என்றேன். இருவருக்கும் தீராத பசி, சூதுவாது தெரியாத மனசு. "நருட்டோவையும் சேர்த்துக்கோங்க தாத்தா" என்றாள்.

இது தற்செயல் இல்லை. 1984, 1997, 1999 என அடுத்தடுத்து இந்த மூன்று கதைகளும் 'ஷோனென் ஜம்ப்' என்ற ஒரே வார இதழில்தான் தொடங்கின. லூஃபியைப் படைத்த ஓடாவும் நருட்டோவைப் படைத்த கிஷிமோட்டோவும் தோரியாமாவின் டிராகன் பாலைப் படித்து வளர்ந்தவர்கள். அந்தக் கோகுவுக்கும் ஒரு மூலம் உண்டு. சீனத்துப் பழங்கதையில் வரும் குரங்கு வீரன் சுன் வுகோங்கின் பெயரை ஜப்பானியர் 'சொன் கோகு' என்றுதான் சொல்வார்கள். ஜப்பானிய மொழியில் இந்த மூன்று பேருக்கும் குரல் கொடுத்தவர்கள் பெண்கள் என்று தெரிந்தபோது வியந்துபோனேன்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவள் அடுத்த விதியைச் சொன்னாள். "ஒத்துமை மட்டும் சொன்னா பத்தாது. ஒரு வித்தியாசமும் சொல்லணும். இல்லன்னா மார்க் கிடையாது."

மறுநாள் நருட்டோவின் தோழன் சசுகே. நான் 'ஹண்டர் ஹண்டர்' கில்லுவா என்றேன். இருவரும் பேர்பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள், திறமைசாலிகள். இருவருக்கும் அண்ணன் உண்டு. வித்தியாசம்தான் பிடிபடவில்லை.

"சசுகே அண்ணனைத் துரத்திக்கிட்டுப் போறான். கில்லுவா அண்ணன்கிட்டேருந்து தப்பிச்சு ஓடுறான். ரெண்டும் ஒண்ணா தாத்தா?"

பிறகு சசுகேயின் சிறுவயதுக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நல்ல மதிப்பெண் வாங்கி வந்து அப்பாவிடம் ஆசையோடு காட்டுகிறான். அவரோ, இப்படியே முயன்று அண்ணனைப் போல ஆகிவிடு என்கிறார். பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் என் கணக்கு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அண்ணன் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவன். தம்பியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இன்னாரோட தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை அவன் 78 வாங்கினான். அவனுக்கு அது பெரிய மதிப்பெண். "உங்க அண்ணன் 98" என்று சொல்லித்தான் விடைத்தாளைக் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

வடிவொத்த முக்கோணங்களில் கோணங்கள்தான் சமம், பக்கங்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று வருடா வருடம் பாடம் நடத்தியவன் நான். பிள்ளைகள் விஷயத்தில் அதை மறந்துவிட்டேன்.

அந்த அண்ணனின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. தம்பியின் பெயரை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

அந்தத் தம்பி எங்கிருந்தாலும், இது கண்ணில் பட்டால், இந்தக் கிழவனை மன்னித்துவிடு அப்பா. முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுது. உன் பெயரை மட்டும் எழுது, போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்