மழையில் கரையும் எலும்புகள்

அரியலூர்ப் பக்கம் புதைபடிவம் தேடுகிறவர்கள் மழைக்குப் பிறகே கிளம்புவார்கள். மேல்மண்ணை நீர் அரித்துப் போட்டால்தான் அடியில் கிடப்பது கண்ணில் படும். ஆனால் நாங்கள் போன கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. மருதையாறு செந்நிறமாகப் புரண்டு ஓடியது. தரைப்பாலம் ஒன்று நீருக்குள் போய்விட்டதால், சுற்று வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கல்லமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பகல் போயிருந்தது.

இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல். காரை கிராமத்துப் பள்ளங்களில் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் சுருள்கள் கிடைப்பது அதனால்தான். கல்லமேடு வேறு. கடல் பின்வாங்கிய பிறகு, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும்தான் இங்கே இருக்கின்றன. டைனோசர்களின் கடைசிக் காலம் அது. அன்றைய ஆற்றுப் படிவை இன்றைய ஓடை அறுத்துக்கொண்டு ஓடுகிறது.

அந்த ஓடைக் கரையில் கால் வைக்க முடியவில்லை. களி செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கழற்றினால் சீமைக் கருவேல முள். கரை விளிம்பு பல இடங்களில் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஆடுகளை மேட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “இந்தச் சகதியில என்னத்தத் தம்பி தேடுறீங்க? தையில வாங்க, காலு வைக்கலாம்” என்றார்.

“அதுக்குள்ள கரைஞ்சு போயிடும் ஐயா” என்றார் கூட வந்த நிலவியல் மாணவர்.

உண்மைதான். சரிந்த கரையில் வெளுப்பாக விரல் நீளத்துக்கு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுண்துளைகள், எலும்பேதான். ஓரத்தைத் தொட்டதும், தேநீரில் நனைத்த பொரை மாதிரி உதிர்ந்தது. களி ஈரத்தில் உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. இடையில் சிக்கிய எலும்பு நொறுங்குகிறது. அதன்பின் நாங்கள் அதைத் தொடவில்லை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டோம். அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவே.

இதே மண்ணில் இதைவிடப் பெரிய இழப்பு நடந்திருக்கிறது. ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் இங்கே கிடைத்த எலும்புகளை வைத்து விவரித்த விலங்கு பிருகத்காயோசாரஸ். காலெலும்பு ஒன்றே 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று தெளிந்தது. நிலத்தில் நடந்த மிகப் பெரிய உயிர்களுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும். உறுதி செய்ய எலும்புகள் இல்லை. பருவமழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் அவை சிதைந்துபோயின. மிஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களும் மட்டும். சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரத்துக்கு வேலியும் காவலும் உண்டு. கல்லமேட்டு எலும்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அளவில் பெரியதுதான் முக்கியம் என்றும் இல்லை. இங்கே கிடைத்து 2013இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு பல், ட்ரூடான் வகை டைனோசர் இந்தியாவிலும் வாழ்ந்தது என்பதற்குச் சான்றானது. மடகாஸ்கரின் சிமோசூகஸ் முதலைக்கு நெருங்கிய உறவின் பல்லும் இங்கேதான் கிடைத்தது. இரு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்தின் தடயம் அது. அப்படிப்பட்ட பல்லை மழைநீர் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பயிற்சி பெற்ற ஒரு குழு இந்த ஓடைகளைக் கண்காணிக்க வேண்டும். எலும்பை இறுக்கிப் பிடிக்கும் பசையும் பாரிஸ் சாந்தும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பெரிய செலவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், கண்ணில் படுவதைப் பிடுங்கி வீட்டு அலமாரிக்குக் கொண்டுவராதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அன்றைக்கே சொல்லுங்கள்.