ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் காது கொடுத்தால் இப்படியொரு பேச்சு கேட்கும். "எடே மக்கா, அஞ்செழுத்து. ரெண்டாவது ஏ, மூணாவது என், கடைசி ஓ. சட்டுன்னு சொல்லு." பக்கத்து சீட்டுக்காரன் யோசிக்காமல் "மேங்கோ" என்பான். செங்கவருக்கை மாம்பழம் பழுக்கும் ஊரில் வேறென்ன தோன்றும்? "எம் கிடையாதுன்னு முதல்லயே வந்தாச்சு லே" என்று பதில் வரும். அப்புறம் டேங்கோ, பேஞ்சோ, கேன்டோ என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பார்கள்.

இவர்கள் ஆடும் வேர்டில், ஜாஷ் வார்டில் என்ற கணினிப் பொறியாளர் நியூயார்க்கில் தன் துணைவி பாலக் ஷாவுக்காக எழுதிய விளையாட்டு. 2021 அக்டோபரில் எல்லோரும் ஆடக் கிடைத்தது. அந்த நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் அது 3 லட்சமானது. 2022 ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிவிட்டது. விதி எளிது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல் நிறம்.

ஆங்கிலப் புலமை உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஒதுங்கத் தேவையில்லை. சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை வார்டில் திரட்டினார். அவற்றில் தனக்குப் பழக்கமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 2,500 ஆகக் குறைத்தவர் பாலக் ஷா. விடையாக வருபவை பெரும்பாலும் பத்திரிகையில் கண்ணில் படும் சொற்கள்தான். தெரிந்த சொற்களை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

எந்த எழுத்து அடிக்கடி வரும் என்ற அந்தக் கணக்கை முன்பே கற்றிருந்தவர்கள் அச்சுக்கோப்பவர்கள். ஆங்கில ஈய எழுத்துகளை அடுக்கும் கேஸில் சிறிய 'ஈ'க்குத்தான் மிகப் பெரிய அறை. கை அடிக்கடி போகும் இடம் அது. ஆங்கில உரைநடையில் நூறு எழுத்துக்குப் பன்னிரண்டு போல ஈ வருகிறது. மோர்ஸ் குறியீட்டில் அதற்கு ஒற்றைப் புள்ளி கொடுத்ததும் இதனால்தான். அமெரிக்கப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே ஸ்கிராபிளை வடிவமைத்தார். அதன் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். ஆனால் பத்துப் பத்துப் புள்ளி. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820களின் தொடக்கத்திலேயே அச்சகம் வைத்துவிட்டார். அச்சுக்கோப்பின் அறிவு நாஞ்சில் நாட்டுக்கு இருநூறு வருஷப் பழக்கம்.

ஸ்பெல்லிங் விஷயத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு தொல்லை உண்டு. 'டி' என்றால் எந்த டி? நாயின் டியா, புலியின் டியா? 'பி'யும் அப்படித்தான். போனில் பெயரைச் சொல்லும்போதெல்லாம் "டி ஃபார் டாக், டி ஃபார் டைகர்" என்று விளக்க வேண்டியிருக்கிறது. கட்டத்தில் எழுதும்போது இந்தத் தகராறு கிடையாது. கண் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டத்தின் நுட்பம் வேறோர் இடத்தில் வெளிப்படும். கடைசி நான்கும் ஐ, ஜி, ஹெச், டி என்று தெரிந்துவிட்டது. முதலெழுத்து மட்டும் பாக்கி. நைட், லைட், மைட், ரைட், சைட், ஃபைட், டைட், எயிட் என்று எட்டுச் சொல் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பெல்லாம் கரைந்துவிடும். தெரிந்தவர்கள் வேண்டுமென்றே விடையாக வர முடியாத ஒரு சொல்லைப் போடுவார்கள். எஃப், ஓ, ஆர், எம், எஸ் – 'ஃபார்ம்ஸ்'. ஃபைட், ரைட், மைட், சைட் நான்கையும் அது ஒரே வரியில் சோதித்துவிடும். ஒரு வாய்ப்பை இழந்து நான்கைச் சம்பாதிப்பது தாயம் ஆடியவர்களுக்குப் புரியாத தந்திரமல்ல.

இப்படி எழுத்துகளைக் கூட்டிச் சொல் தேடுவது அரசாங்கத்தின் கவனத்துக்கும் போயிருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டிகளில் பெரும் பணம் புரண்டதால் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதப் பரிசு மொத்தம் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. 1957இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும், திறமையால் வெல்லும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று பிரித்துக் காட்டியது. இந்து நாளிதழின் குறுக்கெழுத்து 1971இல் தொடங்கியபோது அதை அமைத்தவர் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ராம்தாஸ் கட்டாரி. பரிசுப் பணம் இல்லாமலே வாசகர்கள் அதில் மூளையைச் செலவழிக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல. தண்டியலங்காரம் சித்திரக்கவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க வேறு வேறு சொல் வருவது அக்கரச் சுதகம். கூட்டக் கூட்ட வருவது எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று. புலவர்களிடம் இருந்த அந்த ஆட்டம் இன்று பஸ் பயணிகளின் கைக்கு வந்திருக்கிறது.

இப்போது நீளத்தையும் எழுத்துகளையும் கொடுத்தால் முழுப் பட்டியலையும் கணினி நொடியில் கொட்டிவிடும். அதைப் பார்த்து எழுதுகிறவருக்கு விடை கிடைக்கும், விளையாட்டு கிடைக்காது.

வாசகருக்கு ஒன்று: நான்கு எழுத்து. சி-யில் தொடங்கி ஆரில் முடியும், நடுவில் இரண்டு உயிரெழுத்து. நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழிப் பக்கம் போனால் மட்டை உரித்துத் திரிக்கும் பொருள். கணினியைக் கேட்காமல் கண்டுபிடியுங்கள்.